லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் படிவம்: திரையில் தெரியும் சாம்பல் தாளில் ஏன் விழுவதில்லை?

கல்முனையில் டைப்செட்டிங் செய்யும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். லிப்ரே ஒபிஸின் டைப் செய்யும் மென்பொருளான ரைட்டரில் விண்ணப்பப் படிவம் செய்கிறார். நிரப்பவேண்டிய இடமெல்லாம் திரையில் சாம்பலாகத் தெரிகிறது, பிரிண்ட் எடுத்தால் வெள்ளை. பிரின்டரில் பழுதில்லை, டோனரை மாற்றிவிடாதீர்கள்.

அந்தச் சாம்பல் தாளுக்குரியது அல்ல. இந்த இடத்தில் ஃபீல்ட், அதாவது நிரப்பும் இடம், இருக்கிறது என்று டைப் செய்பவருக்குக் காட்டும் அடையாளம், அவ்வளவுதான். கொன்ட்ரோலோடு எஃப் 8ஐ அழுத்தினால் மறையும், திரும்ப அழுத்தினால் வரும். மைக்ரோசொப்ட் வேர்டின் பழைய ஃபோர்ம் ஃபீல்டும் இப்படித்தான். பீடிஎஃப் படிவத்தில் ரீடர் காட்டும் நீலமும் அச்சில் வராது. எத்தனை வருடம் பாவித்தும் எனக்கு ஆறாத கோபம் இது: அச்சில் வராது என்று அந்தத் திரையில் ஒரு வரி சொன்னால் என்ன?

தாளில் நிறம் விழவேண்டுமென்றால் டேபிள் போடுங்கள். எழுத்துக்கு ஹைலைட் கொடுத்தாலும் அச்சாகும், ஆனால் எழுத்து உள்ள நீளத்துக்கு மட்டுமே. கையால் நிரப்பும் வெற்றுப் படிவத்துக்கு அது உதவாது. விடை எழுதும் கட்டத்தில் கர்சரை வைத்து டேபிள் புரொப்பட்டீஸ், பேக்ரவுண்ட், கலர் என்று போய், கஸ்டம் கலரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 221 கொடுங்கள். ஏறத்தாழ 13 சதவீதச் சாம்பல் கிடைக்கும். எண் கூடக்கூட நிறம் வெளிறும்: 238 கொடுத்தால் டோனர் சேமிப்பு முறையில் அது காணாமலே போகலாம். 204க்குக் கீழே இறங்கினால் போட்டோக்கொப்பியில் கறுத்து, பேனா எழுத்தை மூடிவிடும்.

படிவத்தில் கேட்கும் கேள்வியை நிறமிட்ட கட்டத்துக்குள் போடாதீர்கள். லேசர் பிரின்டரிடம் சாம்பல் நிறமே கிடையாது, கறுப்புப் புள்ளிகளைத் தூவித்தான் அதைக் காட்டுகிறது. 9 பொயின்ட் தமிழ் எழுத்தை அதன்மேல் அடித்து, கொப்பியிலிருந்து கொப்பி எடுத்தால், மெய்யெழுத்தின் புள்ளி எது, சாம்பலின் புள்ளி எது என்று பிரிக்கமுடியாது. கேள்வி வெள்ளையில் இருக்கட்டும், விடைக்கு மட்டும் சாம்பல்.

கையால் எழுதி நிரப்புவதற்கு வரிசை உயரம் 0.8 சென்டிமீற்றராவது வேண்டும். உயரம் கொடுக்கும் இடத்தில், எழுத்துக்கேற்ப வரிசையை உயர்த்தும் 'ஃபிட் டு சைஸ்' அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கணினியிலேயே நிரப்பும் படிவமென்றால் எடுக்கவேண்டாம், எடுத்தால் நீண்ட முகவரி கீழே வெட்டுப்படும். அடையாள அட்டை இலக்கத்துக்கு 12 கட்டம்.

இங்க் டேங்க் பிரின்டர் வைத்திருப்பவர்கள் கிரேஸ்கேலில், அதாவது கறுப்பு வெள்ளை முறையில், அடியுங்கள். இல்லாவிட்டால் மூன்று நிற மையையும் கலந்து, நீலமோ சிவப்போ ஓடிய சாம்பலைத் தரும். நவம்பர் தொடங்கி மாரி முடியும்வரை மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் திறந்து வைத்த தாள் ஈரம் இழுக்கும். எழுத்து ஒழுங்காக விழுந்தாலும் சாம்பல் திட்டுத்திட்டாகத்தான் வரும். தேவையான அளவை எடுத்துக்கொண்டு மீதியை உறையோடு மூடி வையுங்கள்.

டேபிளில் போட்ட நிறம் இதுவரை என்னை ஏமாற்றவில்லை. வேர்டின் கோப்பு வகையான டொக்எக்ஸாகச் சேமித்து வேர்டில் திறந்தாலும் அப்படியே நிற்கிறது. காசும் கேட்காத மென்பொருள். ஆனாலும் படிவம் அடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவருக்கு இதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொய்ச் சாம்பலை நம்பி 500 பிரதி அடித்த பிறகு, தாளுக்கும் டோனருக்குமான காசை அவர் யாரிடம் கேட்பார்?