ஸ்கூல் புக்கா, என்சிஇஆர்டியா, கைடா? கோச்சிங் போகாமல் பிளஸ் டூ அறிவியல்

டியூஷன், கோச்சிங் எதுவும் இல்லாமல் பிளஸ் டூ அறிவியலைத் தாங்களாகவே படிக்கிற பிள்ளைகள் மதுரைப் பக்கம் நிறையப் பேர். மேலூரில் இருக்கும் என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. பொதுத்தேர்வும் எழுத வேண்டும், நீட்டும் எழுத வேண்டும். "மாமா, ஸ்கூல் புக்கே போதுமா, என்சிஇஆர்டி வாங்கணுமா?" என்று கேட்டாள். என்சிஇஆர்டி என்பது மத்திய அரசு நிறுவனம் போடும் பாடப்புத்தகம். கைடு ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. போனில் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை.

எந்தப் புத்தகம் நல்லது என்பதை மொத்தமாகச் சொல்ல முடியாது. பாடத்துக்குப் பாடம் மாறுகிறது, தேர்வுக்குத் தேர்வும் மாறுகிறது. பொதுத்தேர்வில் எழுத்துத்தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இயற்பியல் தாளில் ஒரு மார்க் கேள்விகள் 15 போக மீதி 55 மார்க்கையும் எழுதித்தான் வாங்க வேண்டும். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. சரியாக இருந்தால் 4, தப்பானால் 1 கழியும்.

முதலில் இயற்பியல். மின் இருமுனையை, அதாவது சிறு இடைவெளியில் இருக்கும் சம அளவு நேர், எதிர் மின்துகள் இரண்டை, எடுத்துக்கொள்வோம். இரண்டையும் இணைக்கும் அச்சுக்கோட்டில் மின்புலம் என்ன என்று பொதுத்தேர்வு கேட்டால் 5 மார்க். படம் போட்டு, இரண்டு மின்துகள்களின் புலத்தையும் தனித்தனியாக எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இருமுனையின் நீளத்தைவிடத் தொலைவு மிக அதிகம் என்று சொல்லிச் சுருக்கி, திசையோடு முடிக்க வேண்டும். நீட்டுக்கு இந்த வரிசை தேவையில்லை. ஒரே தொலைவில் அச்சுக்கோட்டுப் புலம், அதற்குச் செங்குத்தாக நடுவில் போகும் நடுவரைத் தளத்துப் புலத்தைப்போல இரு மடங்கு. இரண்டின் திசையும் எதிரெதிர். தொலைவு இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்கு. இது தெரிந்தால் போதும், அரை நிமிடத்தில் விடையைக் குறித்துவிடலாம். ஆனால் அந்த டெரிவேஷனைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு இந்த மூன்றும் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. அதனால் இயற்பியலுக்கு என் ஓட்டு ஸ்கூல் புக்குக்குத்தான். கணக்குதான் பத்தாது, அதற்குப் பழைய நீட் தாள்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேதியியலில் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. நம் பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம் உலோகவியல். எலிங்கம் வரைபடம், நுரை மிதப்பு முறை எல்லாம் பொதுத்தேர்வில் மார்க் தரும். 2024-லிருந்து நீட் பாடத்திட்டத்தில் அந்தப் பாடமே இல்லை. திடநிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் அப்படித்தான். நீட்டை மட்டும் நினைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க உட்காருகிறவர்கள் முதல் வாரமே வீண் வேலை பார்க்கிறார்கள். சரி, என்சிஇஆர்டிக்கே போய்விடலாமா என்றால் அங்கே வேறு ஓட்டை. பாடங்களைக் குறைத்தபோது பி-தொகுதித் தனிமங்களை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நீட் பாடத்திட்டத்தில் அந்தத் தனிமங்கள், அதாவது 13 முதல் 18 வரையிலான தொகுதிகள், இருக்கின்றன. புது என்சிஇஆர்டியை மட்டும் நம்புகிற பிள்ளைக்கு அந்தப் பகுதி கண்ணிலேயே படாது. நம் புத்தகத்தில் இரண்டு முழுப் பாடங்களாக இருக்கிறது. கரிம வேதியியலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பழைய புத்தகக் கடையிலோ சீனியரிடமோ பாடம் குறைப்பதற்கு முந்தைய என்சிஇஆர்டி வேதியியல் கிடைத்தால் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உயிரியலில் மட்டும் என்சிஇஆர்டிக்கு ஈடு கிடையாது. நீட்டில் பாதிக்குப் பாதி, 90 கேள்விகள் உயிரியல்தான். பல கேள்விகள் அந்தப் புத்தகத்தின் வரிகளையே திருப்பிக் கேட்பவை. பூக்கும் தாவரங்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவை மகரந்தத்தை இரண்டு செல் நிலையில் உதிர்க்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். நாம் தாண்டிப் போய்விடுவோம், கேள்வி எடுப்பவர் தாண்டமாட்டார். பொதுத்தேர்வுக்கு இது உதவாது. தாவரவியல் 35, விலங்கியல் 35 என்று பிரித்து, படம் வரைந்து, பாகம் குறித்து எழுத வேண்டும். அதற்கு நம் புத்தகம்தான்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல். நீட்டைத் தமிழில் எழுதலாம். ஆனால் என்சிஇஆர்டி தமிழில் வருவதில்லை. கேள்வியில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி. ஸ்கூல் புக்கில் ஒரு பாடத்தைத் தமிழில் முடித்த கையோடு அதே பாடத்தை என்சிஇஆர்டியில் பென்சிலோடு படிப்பதுதான் வழி. விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் அவ்வளவு மிரட்டாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது; அவர்கள் இந்தக் கூடுதல் வேலைக்குச் சலித்துக்கொள்ளவே கூடாது.

கைடு? ஒரு மார்க் கேள்விகளுக்கு விளக்கம் பார்க்க, கணக்கின் படிகளைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். அதையே பாடமாகப் படிப்பது சரிப்படாது. எங்கள் வீட்டுக் கைடில் நான் மேலே சொன்ன மின் இருமுனை விடையிலேயே தொலைவின் மூன்றாம் படி இரண்டாம் படியாக அச்சாகியிருக்கிறது. பாடம் தெரிந்த எனக்குக் கண்ணில் பட்டது. தெரியாத பிள்ளை அப்படியே எழுதிவிட்டு வரும். வீடியோ, புரியாத இடத்துக்கு மட்டும். அதைப் பார்த்து முடித்ததும் படித்த மாதிரி ஒரு நினைப்பு வருகிறதே, அதுதான் ஆபத்து.

உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்களுக்குப் புதுநத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து அப்புறம் இன்னொரு பஸ். தினமும் முடியாது, சனி ஞாயிறு போகலாம்.

செய்முறைக்கு வீட்டில் மாற்றே கிடையாது. வேதிப்பொருள் சோதனையில் வரும் வாசனை, தரம்பார்த்தலில் ஒரு சொட்டில் நிறம் மாறுவது எல்லாம் லேபில்தான் பழகும். லேப் இருக்கிற நாளில் லீவு போட்டு நீட்டுக்குப் படிக்கிறேன் என்பது கணக்கிலேயே இடிக்கிறது, 20 மார்க் அங்கே இருக்கிறது.

அக்கா மகளுக்குச் சொன்னது இதுதான்: அரையாண்டு வரை இரண்டு புத்தகமும் சேர்ந்தே போகட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் பொதுத்தேர்வு முடிகிறவரை ஸ்கூல் புக் மட்டும், அதுவும் எழுதிப் பார்த்து. 2024, 2025 இரண்டு வருடமும் நீட் மே முதல் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. நடுவில் கிடைக்கிற ஏப்ரல் முழுக்க என்சிஇஆர்டி உயிரியலுக்கும் பழைய தாள்களுக்கும்.