ஆறு வருட எச்எஸ்எஸ் பிட்டும் ஒரு டப்பா ஷிம்மும்

புதிதாகச் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணா, கார்பைட் இன்செர்ட் செட் வாங்கவா, எச்எஸ்எஸ் பிட் வாங்கி நானே சாணை பிடிச்சுக்கவா?" எச்எஸ்எஸ் பிட் என்பது நாமே சாணை பிடித்து முனை வைத்துக்கொள்ளும் ஹை ஸ்பீடு ஸ்டீல் வெட்டுக்கருவி; இன்செர்ட் என்பது மழுங்கினால் சாணை பிடிக்காமல் கழற்றி மாற்றும் கார்பைட் முனை. அப்போதே ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறுத்தியது.

என் லேத் அரை ஹெச்பி. கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஷீட் கூரைக்கு அடியில் கிடக்கிறது. புஷ், பின், எப்போதாவது யாராவது கொண்டுவரும் கிரைண்டர் ஷாஃப்ட், இவ்வளவுதான் வேலை. 25 மி.மீ. எம்எஸ் (மென் எஃகு) ராடை 380 ஆர்பிஎம்மில் ஓட்டினால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் வரும். எச்எஸ்எஸ்ஸுக்கு அது போதும். கார்பைட் அதைப்போல் மூன்று மடங்காவது கேட்கும், அந்த வேகத்தில் என் லேத் மேஜையோடு சேர்ந்து ஆடும். அறுகோண ராடைக் கடைந்தால் முனை டக் டக்கென்று அடிவாங்கும். இன்செர்ட் உடைந்த இடத்தில் எச்எஸ்எஸ் பொறுத்துக்கொண்டது. எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு இழுத்த பிட், 0.05 மி.மீ.யைக்கூட மயிரிழையாகச் சீவும்.

சாணை பிடிப்பதும் பயந்த அளவுக்கு இல்லை. பக்கத்திலும் முன்னாலும் எட்டு, பத்து டிகிரி சரிவு. மேலே எம்எஸ்ஸுக்குப் பன்னிரண்டு டிகிரி, பித்தளைக்குச் சரிவே வேண்டாம். பிட் நீலமானால் பதறவேண்டாம், அறுநூறு டிகிரி வரை கடினம் போகாது. சிவக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் போட்டுவிடாமல் இருந்தால் சரி. போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும்.

ஒருமுறை கடையில் "கோபால்ட்" கலந்த எச்எஸ்எஸ் என்று சொல்லி ஒரு பிட்டைத் தலையில் கட்டினார்கள். கல்லில் வைத்ததும் வெள்ளைப் பொறி பூவாகச் சிதறியது. நல்ல எச்எஸ்எஸ் மங்கலான சிவப்பில், குட்டையாகத்தான் பொறி விடும். அந்தப் பிட் இப்போது பெயின்ட் டப்பா திறக்க உதவுகிறது.

இதெல்லாம் சரி. என் கோபம் ஷிம் மீது, அதாவது பிட்டை உயர்த்த அடியில் செருகும் தகடு மீது.

மேலே சாணை பிடித்தால் முனை இறங்கும். இறங்கினால், அது ராடின் மையத்துக்கு நேராக வர, பிட்டைப் பிடிக்கும் டூல் போஸ்டில் பிட்டுக்கு அடியில் தகடு வைக்கவேண்டும். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது: ஒடிந்த ஹாக்ஸா பிளேடு துண்டுகள், டின் தகடு, கூல்டிரிங்ஸ் கேன் வெட்டியது. ராடின் முகத்தைச் சீவும் பேசிங் போட்டால் நடுவில் ஒரு மொட்டு நிற்கும். ஒரு தகடு வைத்து இறுக்கு, மறுபடி ஓட்டு. மொட்டு சிறுத்திருக்கும். கேன் தகடு ஒன்று சேர்த்து இறுக்கினால் முனை மையத்துக்கு மேலே போய், வெட்டாமல் தேய்க்கும். கழற்று. ராடைத் துண்டிக்கும் பார்ட்டிங்கில் இப்படிக் கால் மி.மீ. தாழ்ந்திருந்த ஒரு நாள், ராடு டூலின் மேல் ஏறி உட்கார்ந்து பிட்டை இரண்டாக்கியது.

மேல் முகத்தைத் தொடாமல், மழுங்கும்போதெல்லாம் முன்னும் பக்கமும் மட்டும் சாணை பிடித்தால் உயரம் அவ்வளவாக மாறாது என்பதை ஒரு பழைய டர்னர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் நாலு வருடம் போய்விட்டது. இப்போது தொல்லை பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி இருக்கிறதே! பிட்டை மாற்றினால் உயரமும் மாறும். என்னிடம் பதினொரு பிட் இருக்கிறது, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

தம்பியிடம் சொன்ன பதில், "இன்செர்ட் வாங்கிடுங்க." அவர் போன் செய்த நேரத்தில் பிஸ்கட் டப்பா கவிழ்ந்து, கேன் தகடெல்லாம் லேத்துக்கு அடியில் சுருளோடு கலந்து கிடந்தது. நான் டார்ச்சோடு தரையில் படுத்திருந்தேன். பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு துண்டு கிடைக்கவில்லை.