இடதுபக்கமே நடக்கிறவன்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு லிங்க் அனுப்பி, "டேய், பதினோராயிரம் குறைச்சிருக்கான். வாங்கலாமா? நீதான் வச்சிருக்கியே" என்று கேட்டான். நான் அப்போது சென்னையில், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்ட அதே கருவி, பின்மூடி கழன்று, குடல் தெரிய என் எதிரே மல்லாந்து கிடந்தது. "வாங்காதே" என்று ஒரே சொல்லில் அனுப்பினேன். "ஏன்?" என்று வந்தது. அதற்கு ஒரு சொல்லில் பதில் எழுத முடியவில்லை. எழுதி எழுதி இவ்வளவு நீண்டுவிட்டது.

கணினி ஆட்டங்களைக் கையில் பிடித்து ஆடுகிற வகைக் கருவி. சிப், திரை, எடை பற்றிய விவரமெல்லாம் நூறு இடத்தில் கிடைக்கும், அதற்குள் போகவில்லை. 2023 கடைசியில் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. இந்தியாவில் வாரண்டி செல்லாது என்று தெரிந்தேதான் வாங்கச் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் கத்தப் போகிறேன்.

எட்டாவது மாதம் ஆரம்பித்தது. ஸ்டார்டியூ வேலி ஆடிக்கொண்டிருந்தேன். எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்ட விவசாய ஆட்டம். உருளைக்கிழங்குப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காபி எடுக்க அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால் நிறுத்திய இடத்தில் ஆளைக் காணோம். குளத்தங்கரையில் முட்டிக்கொண்டு, மேலே போக வழியில்லாமல், நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறான். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க ஆளு குளத்துல குதிக்கப் பார்க்கிறான்" என்றாள். ஆளை நகர்த்துகிற இடது ஸ்டிக்கை, அதாவது கட்டைவிரலால் தள்ளுகிற அந்தக் குட்டிக் குச்சியை, நான் தொடவே இல்லை.

இதற்குப் பெயர் ஸ்டிக் ட்ரிஃப்ட். ஸ்டிக்குக்கு அடியில் இரண்டு சின்னப் பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அந்தச் சாதிதான். ஒன்று இடம் வலம் பார்க்கும், ஒன்று மேல் கீழ். கார்பன் பூசிய தடத்தின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். அது நிற்கிற இடத்துக்குத் தக்கபடி மின்னழுத்தம் மாறும். அதை வைத்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று கருவி தெரிந்துகொள்கிறது. உரச உரசத் தடம் தேயும், தூள் சேரும். அப்புறம் ஒருநாள், விரலை எடுத்த பிறகும் "சார் இன்னும் இடதுபக்கம்தான் தள்ளுகிறார்" என்று அது பொய் சொல்லத் தொடங்கிவிடும். பழைய ரேடியோவைத் திருகும்போது வரும் கரகரப்பும் இதுவும் ஒரே நோய். என் உள்ளங்கை வியர்வைக்கும் இதில் பங்கு இருக்கலாம். மே மாதத்தில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் கை நசநசக்கிற ஊர் இது.

எனக்கு எரிச்சல் தேய்மானத்தின் மேல் இல்லை. செருப்பு தேயாதா? உரசாமலேயே இந்த வேலையைச் செய்ய வழி இருக்கிறது, அதுதான் எரிச்சல். ஒரு காந்தம், அதன் புலத்தை அளக்க ஒரு சென்சார், அவ்வளவுதான். எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த விளைவைக் கண்டது 1879இல். செகா என்ற ஜப்பானிய ஆட்டக் கம்பெனி தன் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் இதையே வைத்து விற்றது 1998இல். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இத்தனை வருஷம் கழித்து, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்குகிற கருவியில் கார்பன் தடத்தை வைத்தவர்களை என்ன சொல்ல?

சரி, என்னென்ன செய்தேன்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு ஸ்டிக்கைச் சுழற்றினேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது. மறுபடி விட்டேன், பத்து நாள். அப்புறம் செட்டிங்ஸில் டெட் ஸோனைக் கூட்டினேன், அதாவது நடுவில் இத்தனை தூரம் வரை அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று சொல்வது. இது பழைய பஸ் ஸ்டியரிங் மாதிரி. கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பும். ஆள் தானாக நடப்பது நின்றது, ஆனால் மெதுவாக நடக்கவும் முடியாமல் போனது. நின்றால் சிலை, தொட்டால் ஓட்டம்.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. இனி அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவி வருவதற்கு முன் ஐந்தாறு வருஷம் நான் ஆட்டமே ஆடவில்லை. நேரம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அதே வருஷங்களில் போனில் தினம் இரண்டு மணி நேரம் எதையாவது தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஹாலில் பெரிய கன்சோல் இருந்தது, டிவி சீரியலுக்குப் போய்விட்டது. அது காலியாகிற இரவு பத்தரைக்குப் பெட்டியை ஆன் செய்தால் முதலில் அப்டேட். அது முடிந்து ஆட்டம் திறந்தால், போன மாதம் எந்த ஊரில் நின்றேன், யாரைக் கொல்லக் கிளம்பினேன், குனிவதற்கு எந்தப் பட்டன், எதுவும் நினைவில் இருக்காது. செய்யாத வேலைகளின் பட்டியல் ஒன்று வரிசையாக நிற்கும். பகலெல்லாம் ஆபீசில் அதே மாதிரிப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது எப்படி விளையாட்டாகும்? 2018இல் வாங்கிய, குதிரையில் சுற்றுகிற கவ்பாய் ஆட்டமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் முதல் அத்தியாயத்துப் பனிமலையைக்கூட நான் தாண்டவில்லை. ஆட்டத்தின் மேல் குற்றமில்லை. என் குதிரை இன்னும் அந்தப் பனியில்தான் நிற்கிறது.

கையடக்கக் கருவி இதை மாற்றியது என்றால், அதற்குக் காரணம் அதன் சிப் இல்லை, திரையும் இல்லை. ஒரே ஒரு பட்டன். மேலே இருக்கிற பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் அந்த நொடியிலேயே உறைந்து தூங்கிவிடும், குதித்தவன் அந்தரத்தில் இருந்தாலும். மறுபடி தட்டினால் அதே அந்தரம். மெனு இல்லை, லோடிங் இல்லை, கம்பெனி லோகோ வரிசை இல்லை. திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி உட்காரும்போது ஒரு தட்டு. ஆலந்தூரில் கிண்டிக்கு வண்டி மாற எழும்போது ஒரு தட்டு. போக ஒரு துண்டு, வர ஒரு துண்டு. விட்ட இடம் கண் முன்னேயே இருப்பதால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு இல்லாமல் போனது நேரம் என்று நினைத்திருந்தேன். இந்தப் பட்டன்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

அந்தத் துண்டுகளில்தான் செலஸ்ட் முடித்தேன். 2018 ஆட்டம். மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், நீங்கள் அவளைச் சாகடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். செத்த மறுநொடி அதே திரையில் மறுபடி நிற்பாள். சின்ன வயதில் புரசைவாக்கத்தில் பக்கத்து வீட்டு டிவி கேமில் கான்ட்ரா என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுவோம். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே இருபது ஆட்டம் தேறாது. கான்ட்ராவில் மூன்றே உயிர். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் என்ற மந்திரம் தெரிந்த அண்ணன் கூட இருந்தால் முப்பது. இதில் உயிருக்குக் கணக்கே இல்லை, சாவுக்குத்தான் கணக்கு. எனக்கு 3,112. ஸ்டிக் கெட்டுப்போன பிறகு பாதி மலையை டி-பேடில்தான் ஏறினேன். கூட்டல் குறி வடிவத்தில் இருக்கிற அந்தப் பட்டனை நின்டெண்டோவின் குன்பே யோகோய் 1982இல் கொண்டுவந்தார். அதுவும் தேயும்தான், ஆனால் அழுத்தாமல் எங்கேயும் நடக்காது. எட்டுத் திசை போதுமென்றால் அதைப்போல நேர்மையான பொருள் வேறில்லை.

பலாட்ரோ வந்தபோது வீட்டில் பிரச்சினை. அது போக்கரை வைத்துச் செய்த ஆட்டம், திரை முழுக்கச் சீட்டு. அம்மாவுக்குத் திரையில் சீட்டு என்றால் ஆன்லைன் ரம்மி. அதில் காசை விட்டவர்கள் கதையைப் பேப்பரில் படித்துப் படித்து, அரசாங்கம் தடைச் சட்டம் போட்டதையும் பார்த்தவள். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது மெதுவாக, "எவ்ளோடா விட்டிருக்க?" என்றாள். இதில் பந்தயப் பணமே கிடையாது, எல்லாம் வெறும் எண்கள் என்று புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அந்தச் சந்தேகத்தைப் போக்கத்தான் வெண்பாவைக் காட்டினேன். டொரான்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடா போன தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் குறிப்பேடு, அழிந்துபோன வரிகளை நாமே யூகித்துச் சமைக்க வேண்டும். மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் என்று பரிசும் வாங்கியது. முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நான் முகவாயைத் தடவிக்கொண்டிருக்க, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "இதுல யோசிக்க என்ன இருக்கு? குழிக்கு நேரா குழி வரக்கூடாது, மேல் தட்டு கீழ இருக்கிற இட்லிய நசுக்கிடும்" என்றாள். கருவியைக் கையில் கொடுத்தேன். அடுத்த பத்து நிமிஷம் அவள்தான் ஆடினாள். அப்போது இந்தப் பாழாய்ப்போன ஸ்டிக் தன் வேலையைக் காட்டியது. தேர்வு தானாக இடதுபக்கம் ஓட, "நான் ஒண்ணும் பண்ணலடா" என்று சூடுபட்டதுபோல் என் மடியில் போட்டுவிட்டாள். தான் கெடுத்துவிட்டதாக நினைத்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் அன்றைக்கு மறுபடி தொடவில்லை.

மறு சனிக்கிழமைதான் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். பழுது பார்க்கிற பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். ஸ்டிக்கை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்ததுமே, "ஹால் சென்சார் போட்டுடலாம் சார். ஜோடி 2,600, கூலி 400. ரெண்டையும் மாத்திடுங்க" என்றான். வலது ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லையே என்றேன். "ரெண்டும் ஒரே வயசு சார்." நான் "இடது மட்டும் போதும் தம்பி" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஸ்டிக்கை மாட்டி மூடியைப் போட்டு, ஸ்டிக்கின் நடு எது, ஓரம் எது என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்கிற காலிபரேஷன் செய்து, டெட் ஸோனைக் குறைத்துவைத்து, நாற்பது நிமிஷத்தில் கையில் கொடுத்தான். விவசாயி நிறுத்தின இடத்தில் நின்றான். குளத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்றபடி, பேட்டரி சின்ன ஆட்டங்களுக்கு ஐந்து மணி நேரம் தாங்கும், பெரிய ஆட்டத்துக்கு இரண்டைத் தொடாது. உள்ளே இருக்கிற ஃபேன் சத்தம் மெட்ரோவில் தெரியாது, படுக்கையறையில் திட்டு வாங்கித் தரும்.

நண்பனுக்கு இன்று காலை மறுபடி எழுதினேன். விலை எவ்வளவு குறைந்தாலும், காந்த ஸ்டிக் வைக்காதவர்களுக்குக் காசு கொடுக்காதே, பத்துக்கு மூன்று மார்க், வாங்காதே. உடனே, "அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடு, பாதி விலை தர்றேன்" என்று கேட்டான். முடியாது என்றேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று இரவு குதிரையை அந்தப் பனியிலிருந்து இறக்கலாமே என்று ரெட் டெட்டை இந்தக் கருவியில் ஏற்றினேன். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடியது. தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால் குதிரை நிற்கிறது, ஆள் நிற்கிறான், கேமரா மட்டும் மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கிறது. கேமராவைத் திருப்புகிற வலது ஸ்டிக். வருகிற சனிக்கிழமை அந்தத் தம்பி முகத்தில் எப்படி விழிப்பதென்று தெரியவில்லை.