காலையில் பஃபின், மதியம் கோல்டன் சர்க்கிள்: ரெய்க்யாவிக் ஒரு நாள் டூர் எப்படி?

ஜூலை இரண்டாவது வாரம் ஐஸ்லாந்து போயிருந்தோம், நானும் மனைவியும் 9 வயது மகளும். தலைநகர் ரெய்க்யாவிக்கில் எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு முழு நாள். காலையில் படகில் போய் பஃபின் என்ற கடற்பறவையைப் பார்ப்பது, அப்புறம் பேருந்தில் கோல்டன் சர்க்கிள், அதாவது திங்வெட்லிர் பூங்கா, கேய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபாஸ் அருவி மூன்றையும் சுற்றி வருவது, இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக அங்கே பல நிறுவனங்கள் விற்கின்றன. அதில் ஒன்றை வாங்கினோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படகுக்கு இன்னொரு முறை சந்தோஷமாகக் காசு கொடுப்பேன், பேருந்துக்குக் கொடுக்க மாட்டேன்.

படகு பழைய துறைமுகத்தில் கிளம்புகிறது. கால் மணி நேரம் போனால் அகுரேய் தீவு வந்துவிடும். தட்டையான சின்னத் தீவு, முழுக்கப் புல். தீவில் யாரையும் இறக்குவதில்லை, படகில் இருந்தபடியேதான் பார்க்க வேண்டும். பெரிய படகா சிறிய படகா என்பதுதான் இந்த டூரில் முக்கியமான விஷயம். தீவைச் சுற்றி ஆழம் கம்மி என்பதால் பெரிய படகுகள் தள்ளியே நின்றுவிடுகின்றன. நாங்கள் ஏறியது சிறிய படகு. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் இன்ஜினை அடக்கிவிட்டு அப்படியே மிதக்க விட்டார்கள். அதற்கப்புறம் படகில் ஒருவரும் பேசவில்லை.

படங்களைப் பார்த்துவிட்டு பஃபினைப் பெங்குவின் அளவுக்கு எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம்ம மாடப்புறா அளவுதான் இருக்கும், எடை அரைக் கிலோ. என் மகள் முதல் ஐந்து நிமிடம் அதைத் தேடிக்கொண்டே இருந்தாள், கண் முன்னால் தண்ணீரில் பத்துப் பதினைந்து மிதந்தும் அடையாளம் தெரியவில்லை. ஒன்று படகிலிருந்து ஏழெட்டு அடியில் இருந்தது. ஆரஞ்சும் மஞ்சளும் சாம்பலும் கலந்த அலகு, கண்ணுக்கு மேலே மை தீட்டியதுபோல் ஒரு சின்ன முக்கோணம், கன்னம் இரண்டும் சுண்ணாம்பு வெள்ளை. பறக்க நினைத்தபோது தண்ணீர்மேல் தடதடவென்று ஓடியது, சிறகை நிமிடத்துக்கு 400 தடவை வரைக்கும் அடிக்குமாம், அப்படி அடித்தும் சட்டென்று எழும்ப முடியவில்லை, ஆரஞ்சுக் கால்கள் இரண்டையும் பின்னால் விரித்தபடி எங்கள் தலைக்கு மேலேயே போனது. இதே பறவை தண்ணீருக்குள் போனால் அந்தக் குட்டைச் சிறகை வைத்தே நீந்தி 60 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது.

புல்தரையில் தெரியும் வளைகள்தான் அதன் வீடு. வருஷத்துக்கு ஒரே முட்டை, அம்மா அப்பா இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். வெள்ளி வெள்ளியாகச் சின்ன மீன்களை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு ஒன்று வளைக்குள் நுழைந்ததைப் பைனாகுலரில் பார்த்தேன். முதலில் பிடித்த மீனை நாக்கால் மேல் அண்ணத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே அடுத்த மீனைக் கவ்வும், அதனால்தான் வாய் நிறைய மீன் இருந்தும் கீழே விழுவதில்லை. வேடந்தாங்கல் கோபுரத்தில் நின்று நாரைகள் குஞ்சுக்கு ஊட்டுவதை எத்தனையோ தடவை பார்த்தவன்தான் நான், ஆனாலும் இதைப் பார்த்தபோது கை நடுங்கியது.

பஃபின் மட்டும் இல்லை, ஆர்க்டிக் ஆலாக்களும் கூட்டமாகக் கத்திக்கொண்டு சுற்றின. வடதுருவத்துப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு அண்டார்டிகா வரை போய் அடுத்த வருஷம் திரும்பி வரும் பறவை, கையளவு உடம்பு. ஐடர் வாத்துகள் குஞ்சுகளோடு பாறை ஓரமாகப் போயின.

குறை என்றால், தீவுப் பக்கம் நின்றது மொத்தமே 20 நிமிடம். படகில் கொடுத்த பைனாகுலர்களில் எனக்கு வந்தது ஒரு பக்கம் மங்கல், நல்லவேளை சொந்தமாக ஒன்று கொண்டுபோயிருந்தேன். நீங்களும் கொண்டுபோங்கள். ஜூலையிலும் படகில் காற்று எலும்பில் இறங்கும், குல்லாய், கையுறை இல்லாமல் ஏற வேண்டாம்.

அப்புறம் பேருந்து. சுமார் 300 கிலோமீட்டர் சுற்று. திங்வெட்லிர் தேசியப் பூங்காவில் எங்களுக்குக் கொடுத்தது 35 நிமிடம், இதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. பூமியின் மேலோட்டுத் தட்டுகளில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகிற இடம் அது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், நடுவில் நடைபாதை. கி.பி. 930-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் பொதுச்சபையை முதன்முதலில் கூட்டியதும் இங்கேதான். ஆக்ஸராபாஸ் அருவி வரை நடக்கலாம் என்று கிளம்பினோம், பாதி வழியில் நேரம் முடிந்து திரும்பினோம்.

கேய்சிரில் நேரம் போதும், ஏனென்றால் ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பீய்ச்சிவிடுகிறது. வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் தண்ணீர் நீலக் குமிழாக உப்பி நிற்கும், அதைப் பாருங்கள், கேமராவை அப்புறம் எடுங்கள். கந்தக வாடை அழுகின முட்டை மாதிரிதான் இருக்கும், பழகிவிடும். சாப்பாட்டு விலை பயங்கரம், ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி சூப் விலையில் சென்னையில் நாலு பேர் வயிறாரச் சாப்பிடலாம். நாங்கள் காலையில் கிளறி எடுத்துப்போன புளிச்சோற்றைப் பேருந்திலேயே முடித்தோம்.

குல்ஃபாஸ் அருவி இரண்டு படியாக 32 மீட்டர் விழுகிறது. சாரலில் சட்டை நனைந்துவிடும், மழைக்கோட்டு வேண்டும். மேல் பாதையில் சிக்ரிதூர் தோமஸ்தோத்திர் என்ற பெண்ணின் உருவம் பொறித்த கல் இருக்கிறது, பலர் பார்க்காமலே கடந்து போகிறார்கள். இந்த அருவியில் மின்நிலையம் வரக் கூடாது என்று போராடிய விவசாயி மகள். அவருக்காக வாதாடிய வக்கீல் ஸ்வெய்ன் பியோர்ன்ஸன் 1944-இல், நாங்கள் அவசர அவசரமாகத் திரும்பிய அதே திங்வெட்லிரில், நாட்டின் முதல் ஜனாதிபதியானார். எங்கள் பேருந்தில் ஓடிய ஒலிப்பதிவில் இந்தக் கதையே இல்லை.

கார் ஓட்டத் தெரிந்தால் படகை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, உள்நாட்டுப் பகுதிக்கு வாடகைக் கார் எடுங்கள். ஜூன், ஜூலையில் இரவு 11 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. ஓட்ட முடியாதவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் இந்த டூரையே எடுக்கலாம், ஆனால் படகின் அளவையும் திங்வெட்லிரில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்பதையும் பணம் கட்டும் முன் கேளுங்கள். ஆகஸ்ட் நடுவில் பஃபின்கள் கடலுக்குக் கிளம்பத் தொடங்கிவிடும், மாதக் கடைசியில் வருபவர்கள் நம்பி வாங்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்து பஃபின்களில் பாதிக்கு மேல் குஞ்சு பொரிப்பது ஐஸ்லாந்தில்தான், அங்கேயே எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது, குஞ்சுகளுக்கு ஊட்டும் மணல் விலாங்கு மீன் குறைந்துபோனது ஒரு காரணம். அன்று இரவு ஊருக்குள் ஒரு உணவகத்தின் வாசலில் மெனு அட்டையில் புகைபோட்ட பஃபின் இறைச்சி என்று இருந்தது. மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த தெருவில் இருந்த வேறு கடைக்குப் போனோம்.