தோப்புக்கு எது: பெட்ரோல் மிஷினா, பேட்டரி மிஷினா?

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் தோப்பில் பாதித் தென்னை படுத்துவிட்டது. மரம் அறுக்க ஆள் கிடைக்காமல் அலைந்த எரிச்சலில் நானே ஒரு செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மிஷின், வாங்கினேன். 58 சிசி, செயின் சுற்றியோடும் பார் 22 அங்குலம், பெட்ரோல். இரண்டு வருடம் முன்பு 36 வோல்ட் பேட்டரி மிஷின் ஒன்றும் வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் வீட்டில் இருக்கின்றன, கை போவதென்னவோ பேட்டரிக்குத்தான்.

பலத்தில் பெட்ரோல்தான் மேல், அதில் பேச்சே இல்லை. பேட்டரிக்கு விலையும் கூட, சார்ஜும் வேலை பாதியில் தீரும். வயர் மாட்டி ஓட்டும் கரண்ட் மிஷின் வீட்டு வாசலில் விறகு அறுக்கச் சரி, தோப்புக்கு ஆகாது. தினமும் மரம் அறுத்துப் பிழைப்பவர் யோசிக்காமல் பெட்ரோலே வாங்கலாம்.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் வருடத்தில் ஐந்தாறு தடவைதான் மிஷினை எடுக்கிறோம். மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கிறது. என்னைக் கேட்டால், எதை வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தச் சும்மா கிடக்கும் காலம்தான்.

டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் வேறு 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் மிஷின் கிளம்பாது. கயிற்றைப் பத்து தடவை இழுப்போம், இருபது தடவை இழுப்போம், தோள் கழன்றுவிடும். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

முறைப்படி மிஷினைத் தரையில் வைத்து, செயினைச் சுற்றவிடாமல் பிடிக்கும் செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது காலை நுழைத்து மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனாலும் இருபதாவது இழுப்பில் பொறுமை போய், ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தேன். சோக் போட்டபடி கிளம்பிய எஞ்சின் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்தது, பிரேக் போடாத செயினும் கூடவே சுற்றியது. லுங்கியின் ஓரம் போனது, முட்டி தப்பியது. (லுங்கியோடு மிஷின் பிடித்தது தனிக் குற்றம். இப்போது தடித்த பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு.)

மெக்கானிக் தம்பி சொன்னது: "வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணிட்டு, அதுவா நிக்கிற வரைக்கும் ஓடவிடுங்கண்ணே." நல்ல யோசனைதான். இரண்டு தடவை செய்தேன், அப்புறம் மறந்துபோனேன்.

பேட்டரியில் இந்த வம்பே இல்லை. லாக்கை அழுத்தி விசையைப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் உறுமிக்கொண்டிருக்காது. பொம்மை என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று: ஸ்டீல் (Stihl) செயின்சா கம்பெனியைத் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் செய்த முதல் செயின்சாவே மின்சாரத்தில் ஓடியதுதான், அவருடைய பெட்ரோல் மிஷின் 1929இல்தான் வந்தது.

பேட்டரி மிஷினின் ஆபத்து அதன் அமைதி. பெட்ரோல் சத்தத்துக்கு ஆள் தானாக விலகுவார். பேட்டரி கையில் இருக்கும்போது, கூட வேலை செய்தவர் நின்றுவிட்டதென்று நினைத்து மட்டையை இழுக்கக் கை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து, செயினைத் தொடுவதென்றாலும் கட்டையை நகர்த்துவதென்றாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன்.

உதைப்பதில் இரண்டும் ஒரே ஜாதி. பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால், கண் சிமிட்டுவதற்குள் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். இடது கைக் கட்டைவிரல் பிடியைச் சுற்றி அடியில் இருக்க வேண்டும், தோளுக்கு மேலே வெட்டக் கூடாது, ஏணியில் நின்று வெட்டவே கூடாது. மண்ணில் கிடந்த தென்னை செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும். சீவலாக விழ வேண்டியது மாவாக உதிர்ந்தால் அழுத்தாமல் நிறுத்தி, உருண்டை அரத்தை எடுங்கள். நின்ற மரத்தைச் சாய்க்க இன்றும் ஆள்தான் கூப்பிடுகிறேன், அதில் எனக்குப் பழக்கம் போதாது.

என் பேட்டரிக்கு இரண்டு வயதுதான் ஆகிறது, ஆயுளைப் பற்றி இப்போதே நற்சான்று தர மாட்டேன். இன்னொன்று, கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் பல நாள் கரண்டே இல்லை. அப்போது பேட்டரி மட்டும் இருந்திருந்தால் அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் பெட்ரோல் மிஷினை விற்கவில்லை. டேங்க் காய்ந்து பரணில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வந்தால் அன்றைக்குப் புது பெட்ரோல் ஒரு லிட்டர், அதில் 40 மில்லி ஆயில்.