ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பின்: சென்னைச் சாலைகளில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பராமரிப்பு

2014ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் ஹேட்ச்பேக் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தில் பெரும்பகுதி மடிப்பாக்கத்துக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இடையிலானது. முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகக்கூடிய குறுக்குத் தண்டு), மின்மோட்டார் துணையுடன் திரும்பும் ஸ்டியரிங் என்று நம் ஊரில் விற்கும் பெரும்பாலான சிறிய கார்களில் உள்ள அமைப்புதான் இதிலும் இருப்பதால், நான் எழுதுவது பலருக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். சென்னையில் ஓடும் வண்டியின் சஸ்பென்ஷனில் முதலில் கெடுவது ரப்பர்தான். புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை), பூட் (ரப்பர் உறை), மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் ரப்பர்) ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீசிலும் கண்ணால் பார்த்து உரிய காலத்தில் மாற்றிவிட்டால், விலை மிகுந்த ஸ்டியரிங் ரேக்கும் (முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு), வண்டி குதிப்பதை அடக்கும் ஷாக் அப்சார்பரும் நெடுநாள் உழைக்கின்றன.

இங்குள்ள சூழலில் ரப்பருக்கு ஓய்வே கிடையாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் எங்கள் பகுதி வழியாகவே செல்வதால், தோண்டி மூடிய பள்ளங்களும் சாலை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் இரும்புத் தகடுகளும் அன்றாடப் பாதையின் பகுதியாகிவிட்டன. கோடை வெயிலில் ரப்பர் இறுகி வெடிப்பு விடுகிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் அந்த வெடிப்புகள் வழியே சேற்று நீர் உள்ளே போகிறது. திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் வண்டியை வெளியில் நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்றில் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் வந்தது சத்தம். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் இடப்புறத்தில் ‘கடக் கடக்’ என்று கேட்டது. அப்போது நான் காட்டிய பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், இரண்டு முன் ஸ்ட்ரட்டுகளையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீட்டுச் சீட்டை நீட்டினார்கள். ஆதம்பாக்கத்தில் தனியாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஸ்பீடு பிரேக்கர்ல நேரா ஏத்துனா சத்தம் வருதா சார், இல்ல குறுக்கா ஏத்துனா வருதா?” குறுக்காக ஏற்றும்போதுதான் வந்தது. இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக மேலேறினால், அவை இரண்டின் சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி முறுக்கப்படுவதில்லை. ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று கீழே நின்றால்தான் அது முறுகி, தன்னை ஸ்ட்ரட்டுடன் இணைக்கும் லிங்க் ராடை இழுக்கிறது. அந்த லிங்க் ராடின் முனையில் உள்ள சிறு பந்து மூட்டு தேய்ந்திருந்தால் அந்த இழுப்பில்தான் சத்தமிடும். அவர் கழற்றிக் காட்டியபோது மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் நிறச் சேறு காய்ந்திருந்தது. இரு விரலால் பிடித்து ஆட்டினாலே லொடலொடவென்று ஆடியது. லிங்க் ராடுகளை இருபுறமும் மாற்றியதும் சத்தம் நின்றது. செலவு ஸ்ட்ரட் மதிப்பீட்டில் ஒரு சிறு பங்குதான்.

சக்கரத்தைக் கீழ்ப்புறத்தில் வண்டியின் உடலுடன் இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் இதைவிட அமைதியாகக் கெடும். பிரேக் பிடிக்கும்போது கீழிருந்து ஒரு ‘டொக்’, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் லேசாக இழுப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். ரேம்ப்பில் ஏற்றி, நெம்புகோல் கொடுத்து ஆர்மை அசைத்துப் பார்த்தால் ரப்பரில் உள்ள கிழிசல் வாய் திறப்பது கண்ணுக்கே தெரியும். இதில் பல இடங்களில் தவறவிடும் ஒரு வேலைமுறை உண்டு. புஷ்ஷின் உட்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஆர்ம் மேலும் கீழும் அசைவதை நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகித் தாங்குகிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுதியாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே நின்றுவிடும். புதிய புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இதுவே போதும். முதலில் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் மாட்டி, வண்டியின் எடை சக்கரங்களின் மீது நிற்கும்போது, நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள். நான் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லி, முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். அவ்வாறு பொருத்திய புஷ்கள் இன்றும் முழுமையாக இருக்கின்றன.

ஸ்டியரிங்கைப் பொறுத்தவரை, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் இரு கைகளாலும் பிடித்து அசைத்துப் பார்ப்பேன். அதில் ஆட்டம் தெரிந்தால், ரேக்கைச் சக்கரத்துடன் இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகளான டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். 12, 6 இடங்களில் ஆட்டம் தெரிந்தால் லோயர் ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) அல்லது வீல் பேரிங் என்று சந்தேகிக்கலாம். வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் விட்டுவிட்டுத் துள்ளும் ஓசை கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எனினும் மழைக்காலத்துக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது, ரேக்கின் முனைகளை மூடியிருக்கும் மடிப்பு உறையான ரேக் பூட். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்து, மொபைல் வெளிச்சத்தில் அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே ஒரு சிறு கிழிசல் இருந்தாலும், தேங்கிய நீரில் ஓட்டும்போது மணலும் நீரும் புகுந்து ரேக்கின் தண்டைத் துருவேற்றிவிடும். பூட் மலிவு, ரேக் மாற்றும் செலவோ மாதச் சம்பளத்தையே பதம் பார்க்கும்.

இவற்றில் எதைக் கழற்றிப் பூட்டினாலும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட் தேவைப்படலாம். டை ராடு எண்ட் மாற்றினால் கட்டாயம் வேண்டும். ஆட்டம் உள்ள பாகங்களை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்வது வீண் செலவு என்பதால், பழுது முதலில், அலைன்மெண்ட் பிறகு என்பதே வரிசை. டயர் காற்றழுத்தத்தைச் சரிசெய்த பிறகே கருவியை மாட்டச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளை வாங்கிவைப்பது நல்லது. சிறிய கார்கள் பலவற்றில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே எளிதில் திருத்த முடியும். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அளவு மிகவும் விலகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கலாம் என்று பொருள்; அதைத் தேடாமல் வெறுமனே அலைன்மெண்ட் மட்டும் செய்தால் டயர் உள்விளிம்பில் தேய்வது நிற்காது.

முன் ஷாக் அப்சார்பர்களை எண்பதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றினேன். மேலே லேசான எண்ணெய்ப் பூச்சு தெரிந்ததற்காக மாற்றவில்லை. எண்ணெய் வழிந்து, வேகத்தடை இறங்கிய பின் வண்டி இரண்டு மூன்று முறை குதித்ததால் மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் ஜோடியாக மாற்றுவதே முறை. புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பாக எண்ணைச் சொல்லிக் கேட்பது எனக்கு வசதியாக இருக்கிறது. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, விளக்கு, பம்பர் போன்றவற்றைத் தயங்காமல் வாங்குவேன். டை ராடு, பால் ஜாயிண்ட், ரேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்க மாட்டேன், ஏனெனில் அவை எந்த விபத்தைத் தாங்கிய வண்டியிலிருந்து வந்தவை என்று கடைக்காரராலும் சொல்ல இயலாது. அடுத்து என் வண்டியில் வேலை இருப்பது பின்பக்க டார்ஷன் பீம் புஷ்களில்தான்; வெடிப்பு தெரியத் தொடங்கியிருப்பதால் பருவமழைக்கு முன் அவற்றை மாற்றிவிடுவேன்.