பெட்டி நன்று, கலிங்குதான் தாழ்வு

மூன்றடி மீன்தொட்டிக்காக (90 × 45 × 45 செ.மீ.) வாங்கிய அக்ரிலிக் ஓவர்ஃப்ளோ பெட்டியை ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். தொட்டியின் மேல்மட்ட நீர் இதில் வழிந்து, கீழேயுள்ள சம்பு என்னும் வடிகட்டித் தொட்டிக்கு இறங்கும், அங்கிருந்து மோட்டார் அதை மேலே திருப்பி அனுப்பும். ஒட்டுகள் சுத்தமானவை, கண்ணாடியைத் துளைத்துப் பொருத்திய பல்க்ஹெட் (குழாய் இணைப்பு) ஒரு சொட்டும் கசிந்ததில்லை. குறை ஒன்றுதான். நீர் வழியும் சீப்புப் பற்களின் அடிப்பகுதி, அதாவது இதன் கலிங்கு, தொட்டியின் விளிம்பிலிருந்து 60 மி.மீ. கீழே அமைந்திருக்கிறது, அதை ஏற்றி இறக்க வழியில்லை.

மணிக்கு 2000 லிட்டர் ஓடும்போது, 30 செ.மீ. அகலத்தில் பாதியைப் பற்களே அடைத்துக்கொள்வதால், நீர் அந்த அடியைவிடச் சுமார் 16 மி.மீ. உயர்ந்து நிற்கும். பற்களே இல்லையென்றால் 10 மி.மீ. போதும், ஆனால் மீன்குஞ்சுகள் சம்புக்குப் போய்விடும். பற்களுடன் நீர்மட்டம் விளிம்புக்கு 44 மி.மீ. கீழே, தொட்டி விளிம்பின் கறுப்புப் பட்டையைத் தாண்டி, அரைகுறையாக நிரப்பிய தொட்டிபோல் தெரிந்தது.

ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கின் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே மண்ணை அடைத்துக் கூடுதல் நீரைத் தேக்குவார்களே, அதைத்தான் செய்தேன்: பற்களின் பின்புறம் 20 மி.மீ. உயர அக்ரிலிக் பட்டையொன்றை நைலான் போல்ட்டுகளால் இறுக்கினேன். பற்களுக்கிடையே 50 மி.மீ. ஆழமுள்ள இடைவெளியில் 30 மி.மீ. மிஞ்சியது, இலை அடைத்தால் நீர் ஏறுவதற்கு அதில் 14 மி.மீ. இடம் வேண்டும் என்பதால் அதற்குமேல் உயர்த்தவில்லை. உள்ளே நீர் விழும் உயரம் கூடிச் சலசலக்காதிருக்க டர்சோ குழாயையும் (பெட்டிக்குள் நின்று நீரைச் சத்தமின்றி கீழே இறக்கும் குழாய்), மோட்டார் நின்றதும் தொட்டி நீரை சைஃபன் இழுக்காதிருக்க, நீர் தொட்டிக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் வாயையும் அதே அளவு உயர்த்தினேன்.

இருந்தும் மின்சாரம் நின்ற முதல் இரவிலேயே தரை நனைந்தது. பட்டைக்கும் பற்களுக்கும் இடையே, ஓடும்போது பொருட்படுத்தத் தேவையில்லாத மெல்லிய இடுக்கு, மோட்டார் நின்றபின் மட்டத்தைப் பழைய அடிவரை மெதுவாக வடித்துவிட்டது. இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 4 லிட்டர், 36 மி.மீ. இறங்கியதில் 14 லிட்டருக்கு மேல் சம்புக்கு வந்தது, அங்கே இருந்த இடமோ 12 லிட்டர். தவறு என்னுடையது. சிலிக்கோன் அக்ரிலிக்கில் நெடுநாள் பிடிக்காது என்பதால், பெட்டியைக் கழற்றி உலர்த்தி, பட்டையைக் குளோரோஃபார்மால் ஒட்டினேன் (ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான்).

இப்போது மட்டம் விளிம்புக்கு 24 மி.மீ. கீழே, கறுப்புப் பட்டைக்குள் மறைந்து நிற்கிறது. ஏற்றி இறக்கக்கூடிய தகடு ஒன்றைத் தயாரிப்பாளரே ரப்பர் வளையத்துடன் கொடுத்திருந்தால் ஐந்து நட்சத்திரம் தந்திருப்பேன், இப்போதைக்கு மூன்றரை.